தென்கிழக்கு மூலைக் கேட்

ஹெக்லண்ட் பண்ணை,
ஆஷ் ஓடை அஞ்சல், தெற்கு டகோட்டா
ஏப்ரல் 5, 1964

அன்புள்ள ஐவர் அண்ணா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வழக்கம்போல அப்பாதான் சாலையோரத் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். வழக்கம்போல உன் கையெழுத்து தெரியாதபடி உறையைக் கவிழ்த்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "உனக்கு ஏதோ வந்திருக்கு" என்றார். ஜனவரியில் நீ சண்டை போட்டுக்கொண்டு போனதிலிருந்து இதோடு ஆறு கடிதம். ஆறு முறையும் அதே மூன்று வார்த்தைகள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நான் படித்து முடிக்கும்வரை அவர் மேசையை விட்டு எழுந்திருப்பதில்லை. இரண்டாவது கோப்பை காபியை ஊற்றி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே இருப்பார். குடிப்பதும் இல்லை. அதனால்தான் நான் சில வரிகளைச் சத்தமாகப் படித்து அம்மாவிடம் சொல்வதுபோலச் சொல்கிறேன். சந்தைத் தொழுவத்தில் நீ ரயிலிலிருந்து மாடு இறக்குவதையும், உன் விடுதிக்காரி முட்டைக்கோஸைத் தவிர வேறு எதுவும் சமைக்காததையும் படித்தேன். அப்பாவின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். எட்டு வீட்டுக்கும் ஒரே லைன் என்பது மறந்துவிட்டதா? நீ "ஹலோ" என்று முடிப்பதற்குள் திருமதி லுட்கே வீட்டுச் சுவர்க்கடிகாரம் டிக் டிக் என்று கேட்கும். கடிதம்தான் நல்லது.

நேற்றுவரை அறுபத்தொரு கன்றுகள். வெயில் அடிக்கிறது. அப்பா கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறார். மார்ச்சில் கன்று ஈன்றால் என்ன கெட்டுவிட்டது என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் வானத்தைப் பார்க்கிற பார்வையில் அந்தக் கேள்வி இருக்கிறது. அது உனக்கான கேள்வி என்று நினைக்கிறேன்.

என் பங்குக்கு ஒரு பெருமை. "எழுதாத சட்டம்" என்ற தலைப்பில் மிஸ் கெல்லர் கட்டுரை எழுதச் சொன்னார். நான் கேட்டைப் பற்றி எழுதினேன். திறந்திருந்தால் திறந்தபடி விடு, சாத்தியிருந்தால் சாத்திவிட்டுப் போ. அது யாருடைய கேட் ஆனாலும், நீ யாராக இருந்தாலும். நான் ஆறு வயதில் காளைக் கொட்டில் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு ஓடியதற்கு நீ கத்திய கத்தலையும் எழுதினேன். (உன் பெயரைப் போடவில்லை.) வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். முதல் மதிப்பெண்.

உன் அன்புத் தங்கை,
டோர்டிஸ்


சூ சிட்டி, அயோவா
ஏப்ரல் 9, 1964

டோர்டிஸ்,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. காத்திருக்கப் பொறுமை இல்லை.

இங்கே இரண்டு நாளாக மழை மட்டும்தான். ஆனால் மேற்கிலிருந்து ரயில் எதுவும் வரவில்லை. பனியில் தண்டவாளம் மூடிவிட்டதாம். ரேடியோவில் நம் மாவட்டத்தின் பெயரைச் சொன்னான். நேற்று நான்கு முறை போன் போட்டேன். லைன் அறுந்து கிடக்கிறது என்கிறாள் ஆபரேட்டர். "இன்னொரு தடவை பாருங்கம்மா" என்றேன். "தம்பி, கம்பமே இல்லாத ஊருக்கு நான் எப்படி லைன் கொடுக்கறது?" என்றாள்.

வீட்டில் எல்லோரும் நலமா? அப்பா கொட்டகைக்குப் போகும்போது கயிறு கட்டிக்கொண்டுதானே போனார்? நீ வெளியே போகவில்லையே?

மாடுகளைப் பற்றி அப்புறம் எழுது. முதலில் மனிதர்களைப் பற்றி எழுது.

ஐவர்


ஹெக்லண்ட் பண்ணை
ஏப்ரல் 14, 1964

அன்புள்ள அண்ணா,

நாங்கள் மூன்று பேரும் நலம். இதை முதல் வரியாக எழுத வேண்டும் என்று அம்மா சொன்னாள். அப்பாவின் இடது கையில் இரண்டு விரல் நுனிகள் குளிரில் கறுத்திருக்கின்றன. விழாது என்கிறார். தபால் இன்றுதான் வந்தது.

எப்படி நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளியிலிருந்து குதிரையில் திரும்பும்போது வெறும் தூறல்தான். சாப்பிட உட்கார்ந்தபோது மழை. பிறகு வடமேற்கிலிருந்து காற்று திரும்பியது. ஒரு மணி நேரத்தில் மழை பனிக்கட்டியாகி, பனிக்கட்டி மாவுபோன்ற பனியாகிவிட்டது. புதன், வியாழன் இரண்டு நாளும் சமையலறை ஜன்னலில் வெள்ளையைத் தவிர எதுவுமே இல்லை. கொட்டகை அறுபது அடி தூரத்தில் இருக்கிறது என்பதை நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். அப்பா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போனார். கயிற்றின் மறுமுனை கதவுக் கைப்பிடியில். அம்மா அந்தக் கயிற்றின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஈனவேண்டிய பசுக்களை அப்பா முன்னமே கொட்டகைக்குள் அடைத்துவிட்டார். அவற்றில் ஒன்பது அந்தப் புயலுக்குள்ளேயே ஈன்றன. ஈரத்தோடு உறைந்த கன்றுகளை ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அடுப்பின் திறந்த கதவுக்கு முன்னால் மூன்று, குளியல் தொட்டியில் வெந்நீரில் ஒன்று. நான் தொட்டிக்காரனின் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு அவனுக்குப் புவியியல் பாடம் படித்துக் காட்டினேன். பிரேசில் வரும்போது என் விரலைச் சப்பினான். அவன் காதுகள் இரண்டும் பாதிக்குமேல் உறைந்து உதிர்ந்துவிட்டன. பிழைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் காற்று நின்றது. பக்கத்துப் பண்ணையிலிருந்து ஸ்டானெக் தன் டிராக்டரில் வந்தார். அவர் பல் துலக்காமல் வந்தார் என்றும், பல் இல்லாதவனுக்கு அது தோதுதான் என்றும் அவரே சொல்லிக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை. மூன்று பேரும் மேய்ச்சல் நிலத்துக்குப் போனோம். என்னை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

உனக்குத் தெரியும், மாடு புயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும். நடந்துகொண்டே இருக்கும். வடமேற்குக் காற்று நம் மாடுகளைத் தென்கிழக்கு மூலைக்குக் கொண்டுவந்துவிட்டது. அந்தக் கேட்டுக்கு அப்பால்தானே காற்று படாத ஓடைப் பள்ளமும் மரங்களும். கேட் சாத்தியிருந்தது. மாடுகள் கம்பியில் நெஞ்சை முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. பின்னால் வந்தவை அவற்றை முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. நாற்பத்து மூன்று பசுக்கள். அவற்றின் கன்றுகள் எல்லாமே. பலவற்றின் மூக்கில் முஷ்டி அளவு பனிக்கட்டி. குளிரில் சாகவில்லை, மூச்சு முட்டித்தான் செத்திருக்கின்றன என்றார் ஸ்டானெக்.

உயிரோடு இருந்தவற்றின் மூக்குக் கட்டியை வெறுங்கையால் உடைத்தோம். ஓர் இடத்தில் பனிமேட்டில் காசு அளவுக்கு ஓர் ஓட்டை, சுற்றிலும் மஞ்சள் விளிம்பு, உள்ளேயிருந்து ஆவி. நான்தான் பார்த்தேன். தோண்டினால் நம் கோணக்கொம்புப் பசு! மூன்று நாள் பனிக்குள் நின்றிருக்கிறது. வெளியே வந்ததும் ஸ்டானெக்கை உதைத்தது. "நன்றி கெட்ட கழுதை" என்று அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அப்பா அங்கே இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கம்பத்தில் மாட்டியிருந்த கம்பி வளையத்தின்மேல் கையை வைத்திருந்தார்.

"நான் திறந்தேன், வாக்லவ். செவ்வாய்க்கிழமை மத்தியானம். முட்டி வலிச்சுது, வானம் சரியில்லன்னு வந்து திறந்துட்டுப் போனேன்."

"திறந்திருப்பே, ஆன்டன்" என்றார் ஸ்டானெக்.

"திறந்தேனா? இல்ல திறக்கணும்னு நினைச்சேனா?"

ஸ்டானெக் தரையைப் பார்த்தார். வளையம் மாட்டித்தான் இருந்தது.

இன்னொன்று உண்டு. அதை எழுதக் கை வரவில்லை. இன்னொரு நாள்.

டோர்டிஸ்


சூ சிட்டி
ஏப்ரல் 18, 1964

டோர்டிஸ்,

மூன்று முறை படித்தேன். நீங்கள் மூவரும் உயிரோடு இருப்பதற்கு இந்த ஊர்ச் சர்ச்சில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். நம் சர்ச் இல்லை, பரவாயில்லை.

இனிக் கோபம். மே மாதம் கன்று ஈனும்படி காளைகளை ஆகஸ்டில் விடுவோம் என்று ஜனவரியில் சொன்னேனா இல்லையா? புல் வந்த பிறகு ஈனட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். "உன் தாத்தா காலத்துலேர்ந்து மார்ச்" என்றார். தாத்தா காலத்திலிருந்து செத்துக்கொண்டும்தான் இருக்கின்றன. இங்கே ரயிலிலிருந்து இறங்கும் மாடுகளில் பாதிக்குக் காது நுனி இல்லை. யார் வீட்டு மார்ச் மாதமோ என்று பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கேட் விஷயம்தான் எனக்குப் புரியவில்லை. அப்பா திறக்காமல் விட்டாரா? சர்ச்சுக்குப் போகும் வழியில் திரும்பி வந்து கோழிக்கூட்டின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர். ஆனால் ஐம்பத்தெட்டு வயதாகிறது. மறதி வரும் வயதுதான். ஒருவேளை இதோடு விட்டுவிடுவதே நல்லதோ என்னவோ. விற்றுவிட்டு நகரத்தில் வீடு பார்த்துக்கொண்டால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்கவேண்டாம்.

அந்த "இன்னொன்று" என்ன? எழுது. காதில்லாத உன் மாணவனுக்குப் பெயர் வைத்தாயா?

ஐவர்


ஹெக்லண்ட் பண்ணை
ஏப்ரல் 22, 1964

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி.

கேட்டைச் சாத்தியது நான்.

செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து தெற்கு வேலியோரமாக வந்தேன். தூறிக்கொண்டிருந்தது. மூலையில் இருக்கும் கம்பிக் கேட், வளையத்திலிருந்து கழற்றப்பட்டு, விரியத் திறந்து தரையில் கிடந்தது. அந்தக் கேட் திறந்து நான் பார்த்ததே இல்லை. காலையில் அந்தப் பக்கம் நில அளவைக்காரர்களின் லாரி போனதைப் பார்த்திருந்தேன். ஊர் தெரியாத ஆட்கள், திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். எனக்கு அவர்கள்மேல் கோபம்கூட வந்தது. குதிரையை விட்டு இறங்கினேன். நான்கு கம்பியும் குச்சிகளும் சேர்ந்து எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியும். கம்பத்தில் தோளை முட்டுக்கொடுத்து நெருக்கி, மூன்றாம் முயற்சியில் வளையத்தை மாட்டினேன். அதைத் தனியாகச் சாத்தியது அதுதான் முதல் முறை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை. அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன். வந்தால் அவர் பசுக்களைக் கொட்டகைக்கு ஓட்டுகிற அவசரத்தில் இருந்தார். பிறகு மழை. மறந்துவிட்டேன்.

திறந்திருந்தால் திறந்தபடி விடு. அதை எழுதி முதல் மதிப்பெண் வாங்கிய இரண்டாம் வாரம் நான் செய்த வேலை இது. சட்டம் எனக்கு மனப்பாடம். ஆனால் எனக்குச் சட்டத்தைவிட அதிகம் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கவேண்டும். அப்பா "திறந்தேனா, நினைச்சேனா" என்று கேட்டபோது நான் பத்தடி தூரத்தில் நின்றேன். என் வாய் மூடியே இருந்தது.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன், அப்புறம் நீ என்னைத் திட்டு. அப்பா தன்னையே நம்புவதில்லை. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை பார்க்கிறார். "காபி குடிச்சேனா நான்?" என்று அம்மாவிடம் நிஜமாகவே கேட்டார். கோப்பை அவர் கையில் இருந்தது. சென்ற வாரம் லாரிச் சாவியை அம்மாவிடம் கொடுத்து, "நீயே வெச்சுக்கோ, ஓட்டறப்ப எங்க போறேன்னு மறந்துட்டா?" என்றார். அம்மா கொல்லைப்பக்கம் போய் அழுதாள்.

திங்கட்கிழமை ஏலக்காரர் வந்தார். மே ஒன்பதாம் தேதி, மிச்சம் இருக்கும் மாடு எல்லாம். நிலத்தைப் பிறகு பார்க்கலாமாம். அப்பா அவரிடம் சொன்னதை நான் படிக்கட்டிலிருந்து கேட்டேன். "கேட்டைத் திறந்தோமா இல்லையான்னு தெரியாதவன் மாடு வெச்சுக்கக் கூடாதுங்க. அது மாட்டுக்குச் செய்யற பாவம்."

அவர் புயலுக்காக விற்கவில்லை அண்ணா. புயலை அவர் பார்த்திருக்கிறார். கேட்டுக்காக விற்கிறார்.

மூன்று முறை சொல்லப் போனேன். மூன்றாம் முறை கொட்டகையில். கோணக்கொம்பின் கன்று கேட் மூலையில் செத்துவிட்டது, நம் தொட்டிக்காரனுக்குத் தாய் இல்லை. அப்பா செத்த கன்றின் தோலை உரித்து, நான்கு காலுக்கும் ஓட்டை வைத்து, தொட்டிக்காரனுக்குச் சட்டைபோல மாட்டிக்கொண்டிருந்தார். நான் முடிச்சுப் போட நூல் பிடித்தேன். கோணக்கொம்பு வந்து மோந்தது. வாலடியில் மோந்தது, முதுகில் மோந்தது. பிறகு தன் கன்றுதான் என்று நக்க ஆரம்பித்தது. அப்பா சிரித்தார். புயலுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நீ அவருக்கு எழுதேன் அண்ணா. நீ எழுதினால் தூரத்திலிருந்து வரும். போன் மட்டும் செய்துவிடாதே. எட்டு வீடு.

டோர்டிஸ்

பெயர் இன்னும் வைக்கவில்லை. வைக்கும் தகுதி எனக்கில்லை.


சூ சிட்டி
ஏப்ரல் 26, 1964

அடியே டோர்டிஸ்,

சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். பிறகு தொழுவங்களின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். மேஸ்திரி, "என்னப்பா, தொலைஞ்ச மாட்டத் தேடறியா?" என்றார். "ஆமாங்க, நாற்பத்து மூணு" என்றேன்.

உன்மேல் கோபம் வந்தது. பொய் சொல்லமாட்டேன். நான்காம் தொழுவம்வரை இருந்தது. ஏழாம் தொழுவத்துக்கு வந்தபோது வேறொன்று ஞாபகம் வந்தது. அது உனக்குத் தெரியாது. ஜனவரியில் நீ பள்ளியில் இருந்தாய்.

நான் வீட்டைவிட்டு வந்தது மே மாதம், மார்ச் மாதம் என்ற சண்டையால் மட்டும் இல்லை. கொட்டகையில், ஸ்டானெக் பார்க்க, நான் அப்பாவிடம் சொன்னேன்: "உங்களுக்கு மூளை மங்கிப்போச்சு. போன வாரம் சொன்னது இந்த வாரம் ஞாபகம் இல்ல. இன்னும் ரெண்டு வருஷத்துல மாடு எது மரம் எதுன்னு தெரியாம நிப்பீங்க." அவருக்கு எந்த மறதியும் இல்லை. தோற்கிற சண்டையில் கைக்கு அகப்பட்டதை எடுத்து அடித்தேன். அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். அதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

ஆக, அவர் கேட் முன்னால் நின்று "திறந்தேனா, நினைச்சேனா" என்று கேட்டாரே, அந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு வந்தவன் நான். நீ கேட்டை மட்டும்தான் சாத்தினாய்.

இப்போது கேள். நீ சொல்லவேண்டியதை நான் எழுதமாட்டேன். தூரத்திலிருந்து வந்தால் அது இன்னொரு செய்தி ஆகிவிடும், அவ்வளவுதான். உன் வாயால் வரவேண்டும். என் பங்கை நான் எழுதியிருக்கிறேன். இந்த உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது. முதலில் நீ சொல், அப்புறம் அதைக் கொடு. வரிசை மாறக்கூடாது.

சில யோசனைகள். அவர் கையில் வேலை இருக்கும்போது சொல். அழாதே, அவருக்கு அழுகிற ஆளிடம் என்ன செய்வது என்று தெரியாது, எழுந்து போய்விடுவார். "ஒருவேளை", "அதாவது" எல்லாம் வேண்டாம். எனக்கு எழுதினாயே, நான்கு வார்த்தை கூட இல்லை. அதையே சொல்.

மே ஒன்பதுக்கு முன்னால்.

ஐவர்


ஹெக்லண்ட் பண்ணை
மே 3, 1964

அன்புள்ள அண்ணா,

சொல்லிவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை. நானும் அப்பாவும் வடக்கு வேலியில் அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தோம். அவர் இழுத்துப் பிடிக்க நான் ஆணி எடுத்துக் கொடுக்கிறேன். நீ சொன்னபடி அவர் இரண்டு கையும் வேலையில் இருந்தது. வாயில் வேறு இரண்டு ஆணி. பேச முடியாது என்று எனக்கு அது ஒரு தைரியம்.

"அப்பா, மூலைக் கேட்டச் சாத்தினது நான்" என்றேன்.

அவர் கம்பியை விடவில்லை. ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"எப்ப?"

"அந்தச் செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வரப்ப."

"திறந்து கிடந்துதா?"

"விரியத் திறந்து கிடந்துது. நில அளவைக்காரங்கன்னு நினைச்சேன்."

"கேட் எந்தப் பக்கம் கிடந்துது? உள்பக்கமா, ஓடைப்பக்கமா?"

"ஓடைப்பக்கம். வேலியோட ஒட்டி, நேரா இழுத்துப் போட்டிருந்துது."

அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "மாடு கால் சிக்கக்கூடாதுன்னு ஒட்டி இழுத்துப் போட்டேன்" என்றார். "ஆமா. இழுத்துப் போட்டேன். கல்லு ஒண்ணு எடுத்து மேல வெச்சேன்."

"கல்லு இருந்துதுப்பா. நான்தான் எடுத்துப் போட்டேன்."

அண்ணா, அந்தக் கல்லை நானும் மறந்துவிட்டிருந்தேன். எந்த நில அளவைக்காரன் கேட்டின்மேல் கல்லை வைத்துவிட்டுப் போவான்? நான் யோசித்திருக்கவேண்டும். கல்லைப் பார்த்தும் யோசிக்கவில்லை. நீ அழாதே என்று எழுதியிருந்தாய். என்னால் முடிந்தவரை அழவில்லை.

அவர் எழுந்து போகவில்லை. கம்பியைக் கட்டி முடித்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார். "மூணு வாரமாச்சு" என்றார். "மூணு வாரமா இத வெச்சுக்கிட்டா இருந்தே?"

"நான் சாத்தலைன்னா அதெல்லாம் பொழைச்சிருக்குமாப்பா?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"கொஞ்சம் பொழைச்சிருக்கும். ஸ்டானெக் கேட் திறந்துதான் இருந்துது, ஓடையில இருபத்தெட்டு செத்துது. எது உன்னால செத்துது, எது காத்தால செத்துதுன்னு யாரும் பிரிச்சுச் சொல்ல முடியாது. நானும் வீட்டுல சொல்லிட்டுப் போயிருக்கணும். சொல்லல." பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் கேட்டைத் தனியாவா மாட்டினே?" என்றார்.

"மூணாவது தடவையில."

"உன் அண்ணன் பதினாலு வயசுவரைக்கும் அதோட மல்லுக்கட்டுவான்." மூன்றரை மாதத்தில் இந்த வீட்டில் அவர் உன்னைச் சொன்னது அதுதான் முதல் முறை.

அப்போதுதான் உன் உறையைக் கொடுத்தேன். கவிழ்க்காமல் வாங்கினார். கொஞ்ச தூரம் தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்று படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். என்ன எழுதியிருந்தாய் என்று நான் கேட்கவில்லை. கடிதத்தை நான்காக மடித்துத் தொப்பியின் உள்பட்டைக்குள் செருகித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கும் கழற்றவில்லை. அம்மாவும் விட்டுவிட்டாள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. வீட்டுக்கு வந்ததும் நேராகப் போனுக்குப் போய் ஏலக்காரரைக் கூப்பிட்டார். போனில் கத்துவது அவருக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். நேற்று கத்தினார். வேண்டுமென்றே, எட்டு வீட்டுக்கும் கேட்கும்படி.

"ஆன்டன் ஹெக்லண்ட் பேசறேன். ஒன்பதாம் தேதி ஏலம் வேண்டாம். எங்கிட்ட மாடு விக்கறதுக்கு இல்ல. என் கேட்ட நான் திறந்துதான் வெச்சேன். கல்லு வெச்சேன் மேல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

லைனில் சுவர்க்கடிகாரம் டிக் டிக் என்று கேட்டது. பிறகு திருமதி லுட்கேவுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப யாருங்க சாத்தினது?" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒளிய நினைக்கவில்லை. சொல்லட்டும் என்றுதான் இருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார்.

"காத்து" என்றார்.

கம்பிக் கேட்டைக் காற்று சாத்தாது. கிழக்கே கடல்வரைக்கும் அடிக்கிற காற்றாக இருந்தாலும் சாத்தாது. இந்த மாவட்டத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும். அப்புறம் ஸ்டானெக்கின் குரல் வந்தது.

"ரொம்பக் கெட்டிக்காரக் காத்துதான் ஆன்டன். வளையத்தக்கூட மாட்டிட்டுப் போயிருக்கு."

"ஆமா" என்றார் அப்பா. "நல்லா வளர்த்த காத்து."

நான் அறைக்கு ஓடிப்போய் நீ அழாதே என்று சொன்ன எல்லாவற்றையும் அழுது தீர்த்தேன்.

இன்று காலையில் ஸ்டானெக்கிடம் நானே போய்ச் சொன்னேன். காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் சும்மா இருக்க முடியாது. அவர் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். "தெரியும்டி" என்றார். "கேட்டோரம் குதிரைக் குளம்பு சேத்துல உறைஞ்சு கிடந்துது. உங்கப்பன் கேட்டத் திறக்க டிராக்டர்ல வந்தவன்." ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ சொல்லுவேன்னு பார்த்தேன். எட்டாம் தேதிவரைக்கும் பார்த்திருப்பேன். ஒன்பதாம் தேதி சொல்லியிருப்பேன்." எனக்கு ஒரு முட்டை கொடுத்தார். கருகியிருந்தது.

நாளை மிஸ் கெல்லரிடம் கட்டுரையைத் திரும்பக் கேட்கப் போகிறேன். கடைசிப் பத்தி எழுதவேண்டியிருக்கிறது.

மதியம் அப்பா என்னை மூலைக் கேட்டுக்கு அழைத்துப் போனார். கையில் ஒரு காலி காபி டப்பா. சிவப்பு வண்ணம். "இனிமே நான் வேணும்னு திறந்து வெச்சா, கம்பத்து மேல இதக் கவுத்து வெப்பேன். டப்பா இருந்தா தொடாதே. இல்லேன்னா சாத்து. ஸ்டானெக்குக்கும் சொல்லிட்டேன்" என்றார். பிறகு கேட்டை ஒருமுறை என்னைச் சாத்தச் சொல்லி, நான் தோளை எப்படி முட்டுக்கொடுக்கிறேன் என்று பார்த்தார். இரண்டாம் முயற்சியிலேயே மாட்டினேன்.

தொட்டிக்காரன் போட்டிருந்த தோல்சட்டையை அறுத்து எடுத்துவிட்டோம். நாற்றம் தாங்கவில்லை. சட்டை இல்லாமலும் அவனைத் தன் கன்று என்றே கோணக்கொம்பு வைத்துக்கொண்டது. அவன் பெயர் பிரேசில். அப்பா கன்றுகளுக்குப் பெயர் வைக்க விடமாட்டார், ஆனால் இன்று காலையில் "பிரேசில் எங்க போனான்?" என்று அவரே கேட்டார்.

கடைசியாக ஒன்று. சமையலறை நாட்காட்டியில் அப்பா பென்சிலால் இரண்டு இடத்தில் குறித்திருக்கிறார். ஆகஸ்ட் ஐந்தாம் தேதியில் "காளை" என்று எழுதியிருக்கிறது. நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மே நடுவில் கன்று வரும். நான் எண்ணியதை அவர் பார்த்துவிட்டார். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

இன்னொரு குறி மே முப்பதில். கன்றுகளைக் கயிறு வீசிப் பிடித்துச் சூடு போடும் நாள். அதற்குப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில், "கயிறு வீச ஆள் வேண்டும்."

உனக்கு எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை. ஆனால் இதை எழுதுகிறபோது எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது காபி. குடித்துக்கொண்டிருக்கிறார்.

உன் அன்புத் தங்கை,
டோர்டிஸ்


சூ சிட்டி
மே 8, 1964
(அஞ்சலட்டை)

அன்புள்ள அப்பா, அம்மா, டோர்டிஸ்,

மேஸ்திரியிடம் கணக்கு முடித்தாகிவிட்டது. 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை பஸ் என்னைச் சாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து ஓடைப்பக்கமாக நடந்து, மூலைக் கேட் வழியாக வருகிறேன்.

திறந்து வையுங்கள். டப்பாவைக் கவிழ்க்க மறக்கவேண்டாம், காற்று கெட்டிக்காரக் காற்று.

நான் வந்து சாத்திக்கொள்கிறேன்.

ஐவர்